சுரங்கம் மூடினும் மூடாத நஞ்சு

மலையைக் குடைந்து மாழையெடுப்பவன் ஒருநாள் தன் பொறிகளைக் கழற்றிக்கொண்டு ஊர்திரும்புவான். வருவாய் வற்றியதும் வாயிலைப் பூட்டுவான், கணக்கை முடிப்பான், வேறு மலை தேடுவான். அம் மலையின் அடியில் நெல்விளைத்து உண்ணும் உழவனுக்கோ ஊர்திரும்புதல் என்பதொன்றில்லை. அவன் நிற்கும் மண்ணே அவன் ஊர். மலையிலிருந்து இறங்கிய நஞ்சு அம் மண்ணிலேயே தங்குமாயின், அவனுக்கும் அவன் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அதனோடேயே வாழ்க்கை. எடுத்தவன் ஒருவன், ஏற்றவன் இன்னொருவன் என்னும் இம் முறைகேட்டை எந்த அறம் ஒப்பும்?

ஈயம், செம்பு, துத்தநாகம், காட்மியம் முதலியவற்றை அடர்மாழைகள் என்க. பிறர் கனவுலோகம் என எழுதுவன இவையே. செம்பும் துத்தநாகமும் சிற்றளவில் பயிருக்கு வேண்டுவன. அளவு மிஞ்சினால் அவையும் கேடாம். காட்மியமும் ஈயமுமோ எவ்வளவு சிறிதாயினும் உடலுக்கு வேண்டாதவை. இவற்றின் கொடுமை, இவை அழியாமையில் உள்ளது. இலைதழை மக்கும்; எலும்பும் நாளடைவில் மண்ணாகும்; பூச்சிக்கொல்லி நஞ்சுகளுள் பல காலப்போக்கில் சிதைந்து வேறாகும். மாழையோ தனிமம், மக்கி வேறாதல் அதற்கில்லை. வயலில் ஒருமுறை புகுந்த காட்மியம் கட்டுண்டு கிடக்கலாம், கட்டவிழ்ந்து பயிரேறலாம், ஆற்றோடு போகலாம்; இல்லாமற் போகாது.

இவ்வுண்மையை உலகம் கற்றுக்கொண்ட இடம் சப்பான் நாட்டின் சின்சூ ஆற்றுப்படுகை. கிபு மாநிலத்து மலைகளுக்கிடையே கமியோக்கா என்னும் சுரங்கம் இருந்தது. வெள்ளி, ஈயம், துத்தநாகம் ஆகியன அங்குத் தோண்டப்பட்டன. மிட்சூயிக் குழுமத்தின் கைக்கு அது வந்தபின், தாதுக்கல்லை மாவாக அரைத்து நீரில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறை புகுந்தது. போர்க்காலங்களில் மாழைக்கு ஏற்பட்ட தேவையால் தோண்டலும் அரைத்தலும் பன்மடங்காயின. துத்தநாகத் தாதுவோடு காட்மியம் பிறவியிலேயே கலந்திருப்பது. அக் காலத்தில் அதற்கு மிகுதியான விலையில்லை. ஆகவே கழிவுநீரோடும் கழிதூளோடும் ஆற்றில் விடப்பட்டது. ஆறு வடக்கே ஓடித் தொயாமாச் சமவெளியில் விரிந்து, வாய்க்கால்வழி வயல்களில் புகுந்தது. மடைவாயில் நீர் தேங்கி நின்ற இடத்தில் நுண்தூள் படிந்தது. மடைக்கு அருகில் நெல் நலிந்து நின்றதை உழவர்கள் கண்டு, கேடு மலையிலிருந்து வருகிறது என்று பல்லாண்டுகளாக முறையிட்டு வந்தனர். பயிருக்கு நேர்ந்த கேடு உயிருக்கும் நேரும் என்பதை எவரும் செவிக்கொள்ளவில்லை.

நேர்ந்தது. அவ் வயலின் சோற்றை உண்டு, அவ் வாற்றின் நீரைக் குடித்து, பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய்மாரே பெரும்பாலும் அந் நோய்க்கு இரையாயினர். முதலில் இடுப்பிலும் தொடையிலும் வலி, பின்னர் வாத்துபோலத் தள்ளாடும் நடை, அதன்பின் படுக்கை. காட்மியம் சிறுநீரகத்தின் நுண்குழல்களைச் சிதைத்தது. எலும்புக்கு வேண்டிய ஊட்டங்கள் சிறுநீரோடு கழிந்தன. எலும்பு மென்மையாகி, ஓர் இருமலுக்கே முறிந்தது. உடல் குறுகியது, அறிவு மட்டும் தெளிவாக இருந்து ஒவ்வொரு முறிவையும் உணர்ந்தது. உள்ளே புகுந்த காட்மியத்தில் பாதி வெளியேறுவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் செல்லும் என்பர் மருத்துவ அறிவியலார். ஆதலால் இன்றைய சோற்றில் உள்ள சிறு துகளுக்குரிய தண்டனை முப்பதாண்டு கழித்து வரும்.

நோய்க்கு முன்பு பெயரில்லை. தீவினைப்பயன் என்றும் குடிவழி இழிவு என்றும் ஊரார் ஒதுக்கினர், வீட்டார் மறைத்தனர். போரிலிருந்து 1946-இல் திரும்பிய அவ்வூர் மருத்துவர் அகினோ நொபோரு, ஆற்றோரத்து ஊர்களிலேயே இந்நோய் நெருங்கிக் கிடப்பதைக் கண்டார். தொடக்கத்தில் ஊட்டக்குறைவும் கடும் உழைப்புமே கரணியம் என எண்ணிய அவர், 1957-இல் சுரங்கக்கழிவின்மேல் ஐயுற்று வெளிப்படையாகக் கூறினார். எள்ளி நகைத்தவர் பலர். பின்னர் வேளாண் அறிஞர் யோசியோக்கா கின்இச்சியும் வேதியியலறிஞர் கோபயாசி சுன்னும் துணைநிற்க, கொலைஞன் காட்மியமே என்பது 1961-இல் வெளிப்பட்டது. நோய் பரவிய ஊர்களும் சின்சூ நீர் பாயும் வயல்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. அதனை அந்நாட்டரசு ஒப்புக்கொண்டது 1968-இல், ஏழாண்டு கழிந்தபின்!

அவ்வாண்டே உழவர் குடியினர் முறைமன்றம் ஏறினர். குழுமத்தின் சார்பில் எடுத்துவைக்கப்பட்ட வாதம் யாது? எவ்வளவு காட்மியம் எவ்வளவு நாளில் எவ்வாறு எலும்பை உருக்கும் என்பதைப் படிப்படியாக மெய்ப்பித்துக் காட்டுக என்பது. நோயுற்ற முதியவள் ஆய்வகம் வைத்து அளந்து வந்தால்தான் முறை கிடைக்கும் என்றால், முறை என்பது செல்வர்க்கு மட்டுமே உரிய பண்டமாகிவிடும். தொயாமா முறைமன்றம் 1971-இல் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நகோயா உயர்முறைமன்றத்தின் கனசாவாக் கிளை 1972 ஆகத்து 9-ஆம் நாள் அதனை உறுதிசெய்தது. நோய் எங்குத் தோன்றியது, எவரைத் தாக்கியது, எதனோடு கூடிவந்தது என்னும் கணக்கே போதிய சான்று என்பதும், நோயின் உள்நடப்பு முழுவதும் துலங்கும்வரை பாதிக்கப்பட்டோர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் அத் தீர்ப்புகளின் பிழிவு.

வழக்கு வென்றது, வயல் வெல்லவில்லை. மண்ணுக்குள் நடப்பதை உழவன் அறிந்தாலன்றி அவ் வேறுபாடு விளங்காது.

ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் தாதுக்கள் பெரும்பாலும் கந்தகத்தோடு கூடியவை. அவற்றுடன் மலையுள் நெருங்கிக் கிடப்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒருவகைக் கல். பொன்போல மின்னி அறியாதவரை ஏமாற்றுவது. மலைக்குள் காற்றும் நீரும் தீண்டாதவரை அது தீங்கற்றது. தோண்டிக் குவித்த பின்னர், மழைநீரும் உயிர்வளியும் அதனைத் தீண்ட, கல் கரைந்து கந்தகக் காடி பிறக்கும். இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அவ் வேலையைப் பன்மடங்கு விரைவுபடுத்தும். அக் காடி, வழியிலுள்ள காட்மியத்தையும் செம்பையும் ஈயத்தையும் கரைத்துக்கொண்டு பள்ளம் நோக்கி இறங்கும். சுரங்கங்களின் அருகே ஓடைகள் மஞ்சளாகவும் செந்நிறமாகவும் ஓடுவதற்குக் கரணியம் இதுவே. சீனத்தின் குவாங்தோங் மாநிலத்து வடபகுதியில் உள்ள தாபாவோசான் மலை இதற்கோர் எடுத்துக்காட்டு. மேலே இரும்புத்தாது, கீழே செம்பும் கந்தகமும் கலந்த தாது. அம் மலைநீர் இறங்கிய ஓடைப்படுகையும் அதன் நீர் பாய்ந்த நெல்வயல்களும் அடர்மாழைகளால் கெட்டன.

காடிநீர் வயலை அடைந்து அதன் கடுமை தணியுமிடத்து, கரைந்திருந்த இரும்பு மீண்டும் துருவாகப் படியும். இத் துரு ஒரே வகையினதன்று. மிகு காடியில் மஞ்சள்நிறக் கந்தகத் துரு ஒன்று. காடி சற்றுத் தணிந்தால் வேறொன்று. இன்னும் தணிந்தால் செம்பழுப்பான மென்துரு. நாட்பட நாட்பட இவை இறுகி நிலைத்த துருக்கற்களாக மாறும். இவற்றின் நுண்துகள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் அடர்மாழைகளையும் ஆர்செனிக்கு நஞ்சையும் பற்றிக்கொள்ளும். மண்ணில் உள்ள இரும்பு ஒருவகையில் காவலன். நஞ்சைப் பிடித்துக் கட்டிவைப்பவன். நெல்லின் வேரைச் சுற்றியும் செந்நிறத் துருப்பூச்சு ஒன்று படர்ந்து நஞ்சில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துவதை உழவர் நாற்றைப் பிடுங்கும்போது கண்ணாலேயே காணலாம்.

ஆயினும் அக் காவலன் எல்லாப் பொழுதிலும் விழித்திருப்பவன் அல்லன். மென்துரு இறுகிக் கல்லாகும்போது, பற்றியிருந்த நஞ்சில் ஒரு பகுதியை உள்ளே பூட்டும்; ஒரு பகுதியை வெளியே தள்ளவும் கூடும். வயலில் நீர் நிறுத்திவைத்தால் மண்ணுள் உயிர்வளி அற்றுப்போகும். அப்போது துரு கரையத் தொடங்கும். அது பற்றியிருந்த ஆர்செனிக்கு விடுபட்டு நெல்லேறும். அதே வேளையில் காட்மியமோ கந்தகத்தோடு சேர்ந்து கரையாப் பொருளாகி அடங்கும். நீரை வடித்து வயலைக் காயவிட்டால் நிலைமை தலைகீழாகும். ஆர்செனிக்கு துருவில் அடங்கும். காட்மியம் கட்டவிழ்ந்து கதிரேறும். இதனை அறிந்தே சப்பானில் காட்மிய நிலத்து உழவர்கள் கதிர்விடும் பருவத்தை ஒட்டிய முன்பின் கிழமைகளில் வயலில் நீர் வற்றாமல் காக்கின்றனர். மண்ணில் சுண்ணாம்பு இட்டுக் காடித்தன்மையைத் தணித்தலும் காட்மியத்தை அடக்க உதவும். ஆனால் இரு நஞ்சும் ஒரே வயலில் கலந்திருக்குமாயின் உழவன் என் செய்வான்? நீர் கட்டினால் ஒன்று, வடித்தால் மற்றொன்று. அவன் மடையைத் திறப்பதும் அடைப்பதும் எந்த நஞ்சை உண்பது என்று தேர்வதாக முடிகின்றது. அத் தேர்வை அவன் தலையில் சுமத்தியவன் எங்கே?

கட்டுண்ட நஞ்சு மறைந்த நஞ்சன்று என்பதற்கு மற்றொரு சான்றும் அந்நாட்டிலேயே உண்டு. அசியோச் செம்புச் சுரங்கம் வத்தராசே ஆற்றுப்படுகையின் வயல்களை 19-ஆம் நூற்றாண்டிலேயே கெடுத்தது. அப் பகுதி மக்களின் சார்பாளர் தனக்கா சோசோ 1891 முதல் நாடாளுமன்றத்தில் இடைவிடாது குரல்கொடுத்தார். பயனின்மை கண்டு 1901-இல் தம் பதவியைத் துறந்து, பேரரசரின் ஊர்தியை வழிமறித்து வேண்டுகை மடலை நீட்டினார். அரசு செய்ததோ, வெள்ளநஞ்சைத் தேக்குவதற்கென யனக்கா என்னும் சிற்றூரையே 1907-இல் அழித்தது. சுரங்கத்தை நிறுத்துதற்கு மாறாக ஊரை நிறுத்தினர். 1958-இல் கழிவுமேட்டின் கரை உடைந்து வயல்கள் மீண்டும் கெட்டன. 1973-இல் சுரங்கத்தை மூடினர். 1974-இல் 155 கோடி யென் இழப்பீடு உழவர்க்கு ஒப்பப்பட்டது. அத்தோடு முடிந்ததா? 2011 மார்ச்சுத் திங்கள் பெருநிலநடுக்கத்தில் அதே கழிவுமேடு மீண்டும் சரிந்தது. ஆற்றுநீரில் அளவை மீறிய ஈயம் காணப்பட்டது. பூட்டிய வாயிலுக்குப் பின்னால் 38 ஆண்டுகள் கிடந்த நஞ்சு, நிலம் ஒருமுறை அசைந்ததும் எழுந்து நடந்தது.

சின்சூப் படுகைக்கு மீள்வோம். அங்கே மண்ணை மீட்கும் பணி 1979-இல் தொடங்கி 2012-இல் முடிந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! கெட்ட மேல்மண்ணைச் சுரண்டிக் கீழே புதைத்து, அதன்மேல் கற்கள் கலந்த தளத்தை இறுக்கி, அதற்கும் மேலே மலையிலிருந்து கொணர்ந்த தூய மண்ணைப் பரப்பினர். இவ்வாறு புதுப்பித்த நிலம் ஏறத்தாழ 863 எக்டேர். செலவு ஏறத்தாழ 4070 கோடி யென். குழுமம் ஏற்ற பங்கு பாதிக்கும் குறைவு. எஞ்சியதைப் பொதுமக்களின் வரிப்பணம் சுமந்தது. கொணர்ந்த மண்ணோ நெல்லை அறியாத மலைமண். தலைமுறை தலைமுறையாக உழுது, எருவிட்டு, புழுவும் வேரும் பதப்படுத்திய பழைய மண்ணின் வளத்தை எந்தப் பணம் மீட்டுத்தரும்? உழவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து மண்ணை வளர்க்க வேண்டியதாயிற்று. சிறுநீரகம் கெட்டும் நோயாளர் பட்டியலில் சேர்க்கப்படாதோர்க்கு ஆளுக்கு 6 இலக்கம் யென் என்னும் இறுதி உடன்பாடு 2013 திசம்பரில்தான் கையெழுத்தாயிற்று. முறைமன்றம் ஏறிய நாளிலிருந்து 45 ஆண்டுகள்.

இத்துணைத் துன்பத்திலும் அவ் வுழவர்கள் வென்றெடுத்த ஒன்று, பணத்தினும் பெரிது. உயர்முறைமன்றத் தீர்ப்பின் மறுநாளே குழுமத்தோடு அவர்கள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். வேண்டும்போது சுரங்க வளாகத்துள் தாங்களும் தாங்கள் தேர்ந்த அறிவியலாரும் புகுந்து பார்க்கலாம். வேண்டும் கணக்குகளைக் கேட்கலாம். அதற்குரிய செலவு குழுமத்தைச் சாரும் என்பது அவ் வுடன்பாடு. 1972 முதல் ஆண்டுதோறும் உழவர்கள் மலையேறினர், கழிவுக் குழாய்களையும் புகைபோக்கிகளையும் கழிவுமேடுகளையும் கண்டனர், அளந்தனர், வினவினர். 2001-இல் தோண்டுதல் நின்ற பின்னரும் அவ் வாய்வு நிற்கவில்லை. சின்சூ ஆற்றின் காட்மியம் இயல்பான நீரின் அளவை நெருங்கியதற்கு, ஆண்டுதோறும் மலையேறிய அக் கால்களே தலையாய கரணியம். கண்காணிப்பு அரசின் கையில் மட்டும் இருந்த காலத்தில் ஆறு கெட்டது. உழவன் கைக்கு வந்தபின் ஆறு தெளிந்தது.

இதற்கு மாறான நிலையையும் காண்க. சீன அரசு 2005 முதல் 2013 வரை நாடுதழுவி மண்ணாய்வு நடத்தியது. அதன் முடிவுகளைக் கேட்டபோது, அவை அரசமறை என்று 2013-இன் தொடக்கத்தில் விடைவந்தது. மக்கள் நிற்கும் மண்ணைப் பற்றிய செய்தி மக்களுக்கே மறை! எதிர்ப்புக் கிளம்பிய பின்னர், 2014 ஏப்பிரலில் சுருக்கம் ஒன்று வெளிவந்தது. உழுநிலத்தில் ஆய்ந்த இடங்களுள் 19.4 விழுக்காடு வரம்பை மீறிக் கெட்டிருந்தது. முதன்மையான நஞ்சு காட்மியம். மறை வெளிப்பட்டபின்தான் சட்டம் பிறந்தது. மண்கேட்டைத் தடுக்கும் தனிச்சட்டம் 2019 சனவரி முதல் நடப்புக்கு வந்தது. அறியாத கேட்டுக்கு மருந்தில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே சுரங்கம் தோண்ட இசைவு கேட்போரிடம் மூன்று வினாக்களை எழுப்புதல் கீழ்நிலத்து மக்களின் பிறப்புரிமை. தோண்டுமுன் வயலின் மண்ணிலும் நீரிலும் நெல்லிலும் எவ்வளவு மாழை உள்ளது என்னும் கணக்கை எவர் எடுத்துவைப்பார்? அக் கணக்கு இல்லையெனின், கேடு நேர்ந்தபின் 'இது முன்பே இருந்தது' என்று கைகழுவுதல் எளிதாம். தோண்டும் காலத்தில் உள்ளே புகுந்து காணும் உரிமை எவர்க்கு? தோண்டி முடித்தபின், கழிவுமேட்டையும் காடிநீரையும் காவல்காக்கும் பணத்தை எவர், எப்போது, எங்கே முன்னதாகக் கட்டிவைப்பார்? இம் மூன்றுக்கும் எழுத்தில் விடைதராத எவர்க்கும் மலையைத் தொடும் தகுதியில்லை. சுரங்கத்தால் வேலை வரும், வளம் வரும் என்பது பொய்யன்று, வரும். ஆனால் அவ் வளத்தின் விலையில் வயலைக் காக்கும் செலவு சேரவில்லையெனின், அது வருவாய் அன்று. அடுத்தவன் பேழையிலிருந்து எடுத்த கடன்.

இறுதியாக ஒன்று. கமியோக்கா நோய்க்கு உலக மருத்துவம் இன்றளவும் வழங்கும் பெயர் 'இத்தாய் இத்தாய்'. அது கிரேக்கமும் அன்று, இலத்தீனும் அன்று. 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்று அந் நாட்டுத் தாய்மார் தம் தாய்மொழியில் அலறிய அலறல். கற்றோர் கூடிப் புனைந்த கலைச்சொல் அன்று அது. நோயுற்றோர் வாயிலிருந்தே பிறந்த சொல். 1955-இல் அச் சொல் செய்தித்தாளில் ஏறியதும், ஒதுக்கப்பட்டிருந்த துன்பத்துக்கு முகவரி கிடைத்தது. ஊர் ஊராய் ஒளிந்துகிடந்த நோயாளர் ஒருவரையொருவர் அறிந்தனர். மக்கள் மொழியில் பெயர்பெற்ற கேட்டை எவரும் மறைத்தல் அரிது.

மண்ணாய்வின் முடிவு புரியாத மொழியில் பெட்டிக்குள் கிடக்குமாயின் அது கிடந்தும் இல்லாததே. காட்மியம் என்றால் யாது, துரு அதனை எவ்வாறு பற்றும், எப்போது விடும், நீரை எப்போது கட்டுவது, எப்போது வடிப்பது என்பன உழவன் பேசும் மொழியில் உழவன் வாயிலில் சென்று நிற்க வேண்டும். அறிந்த உழவனை ஏமாற்றுதல் அரிது. அறிந்த ஊரை அழித்தல் அதனினும் அரிது. அடுத்த வயலில் எவளேனும் ஒரு தாய் 'வலிக்கிறதே' என்று அலறிய பின்னர்த்தான் கணக்கெடுக்கத் தொடங்குவோம் எனின், சின்சூ ஆற்றங்கரையின் தாய்மார் பட்ட பாடு அத்தனையும் வீண்!